எழுத்துப் பிசகினால் ஆட்டமும் பிசகும்!

சதுரங்கப் பலகையின் முன்னால் ஒரு தமிழரும் ஓர் இந்திக்காரரும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நடுவே தமிழருக்கு அவசர வேலை வந்துவிடுகிறது. "என் மந்திரியை மூலைவாட்டில் இரண்டு கட்டம் தள்ளிவிடுங்கள்" என்று தமக்குத் தெரிந்த இந்தியில் சொல்லிவிட்டு எழுந்து போகிறார். மந்திரிக்கு இந்தியில் என்ன? 'வஜீர்' என்று சொல்கிறார். திரும்பி வந்து பார்த்தால் மந்திரி நின்ற இடத்திலேயே நிற்கிறது. ராணிதான் இரண்டு கட்டம் தள்ளி நிற்கிறது!

இதில் எவர் மீதும் குற்றம் இல்லை. ராஜாவின் பக்கத்தில் நிற்கும் பெரிய காயை நாம் ராணி என்கிறோம். இந்தியில் அதற்குத்தான் வஜீர் என்று பெயர். நாம் மந்திரி என்று சொல்லும் காய் அவர்களுக்கு 'ஊண்ட்', அதாவது ஒட்டகம்!

கொல்கத்தா பக்கம் போனால் குழப்பம் இன்னும் அதிகம். நமக்கும் இந்திக்காரர்களுக்கும் மூலையில் நிற்பது யானை. வங்காளிகளுக்கு மூலையில் நிற்பது 'நௌகா', அதாவது படகு. அவர்களிடமும் யானை உண்டு. 'கஜம்' என்பார்கள். ஆனால் அந்தக் கஜம் நிற்பது நம்முடைய மந்திரி நிற்கும் கட்டத்தில்!

எதிரெதிரே உட்கார்ந்து ஆடும்வரை இதனால் பெரிய நஷ்டம் இல்லை. விரலால் தொட்டுக் காட்டினால் தீர்ந்தது. எதிராளி வேறு ஊரில் இருந்தால்? காய் போகாது, விரல் போகாது, எழுத்து மட்டுமே போகும். அந்த எழுத்துக்கு இரண்டு அர்த்தம் இருந்தால், "அது இல்லை, இது" என்று திருத்த, எழுதியவர் கூடவே போவதில்லை.

சென்னையும் ஐதராபாத்தும்

தபால் மூலம் சதுரங்கம் ஆடுவது புதிய விஷயம் அல்ல. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரச் சங்கமும் லண்டன் சங்கமும் 1824-ல் கடிதம் மூலம் ஒரு போட்டியைத் தொடங்கின. ஆடியவை ஐந்தே ஆட்டங்கள். முடிந்ததோ 1828-ல்! வென்றது எடின்பரோ. 'ஸ்காட்ச் ஆட்டம்' என்று இன்றும் சொல்லப்படும் தொடக்க முறைக்கு அந்தப் பெயர் இந்தப் போட்டியால் வந்ததே.

நம் நாட்டிலும் அதே காலத்தில் இப்படி ஒரு போட்டி நடந்தது. சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் இடையே இரண்டு ஆட்டங்கள். சென்னையின் சார்பில் ஆட்டத்தை முன்னின்று நடத்தியவர் குலாம் காசிம் என்ற சென்னைவாசி. ஆட்ட விவரங்களை அவரும், சென்னையில் அரசுப் பணியில் இருந்த ஜேம்ஸ் காக்ரேன் என்ற ஆங்கிலேயரும் குறிப்புகளோடு தொகுத்தார்கள். அது 1829-ல் சென்னையில் புத்தகமாக வெளிவந்தது.

அப்போது இந்தியாவில் ரயில் இல்லை. தபால் தலை இல்லை. தபால் கார்டு வந்ததே 1879-ல்தான். இருந்தும் இரண்டு ஊர்களும் ஒரே பலகையைப் பார்ப்பது போல ஆடின. அனுப்பியவரின் மனத்தில் இருந்த கட்டமும், படித்தவர் கண்டுகொண்ட கட்டமும் ஒன்றாக இருந்ததால்தான் அது முடிந்தது.

ஒரே கட்டத்துக்கு இரண்டு பெயர்

பலகையில் 64 கட்டங்கள். ஒவ்வொன்றையும் பிசகில்லாமல் குறிப்பிடுவது எப்படி?

இங்கிலாந்தில் நெடுங்காலம் இருந்த முறை இது. ஒவ்வொரு காயும் தொடக்கத்தில் நிற்கும் வரிசைக்கு அந்தக் காயின் பெயர். 'ராஜா வரிசையில் நாலாவது கட்டம்' என்பது போல எழுதுவார்கள். வெள்ளைக்காரர் தம் பக்கத்திலிருந்து எண்ணுவார். கறுப்புக்காரர் தம் பக்கத்திலிருந்து எண்ணுவார். ஆகவே வெள்ளைக்கு நாலாவது கட்டம், கறுப்புக்கு ஐந்தாவது! பலகையில் இருப்பது 64 கட்டம், பெயர்களோ 128! இந்தியாவிலும் ஆங்கிலப் புத்தகங்களைப் படித்து ஆடப் பழகிய பழைய தலைமுறையினருக்கு இந்த முறை நன்றாகத் தெரியும்.

இன்னொரு முறையும் அக்காலத்திலேயே இருந்தது. சிரியாவின் அலெப்போ நகரைச் சேர்ந்த பிலிப் ஸ்டம்மா என்பவர் 1737-ல் பாரிஸில் வெளியிட்ட புத்தகத்தில் அதைக் கையாண்டார். வெள்ளைக்காரரின் இடக்கைப் பக்கத்திலிருந்து தொடங்கி நெடுக்கு வரிசைகளுக்கு ஏ, பி, சி என்று எச் வரை எழுத்து. கீழிருந்து மேலே 1 முதல் 8 வரை எண். எவர் எங்கே உட்கார்ந்து பார்த்தாலும் 'ஈ4' என்றால் ஒரே கட்டம்தான். 1981 முதல் அகில உலகச் சதுரங்க சம்மேளனம் இந்த ஒரு முறையை மட்டுமே ஒப்புக்கொள்கிறது.

நம் தபால் இலாகா 1972 ஆகஸ்ட் 15-ல் 'பின்கோடு' கொண்டுவந்ததும் கிட்டத்தட்ட இதே காரணத்தால்தான். ஒரே பெயரில் பல ஊர்கள். விலாசம் எழுதப் பல மொழிகள். புரியாத கையெழுத்து வேறு. ஆறு இலக்கம் இருந்துவிட்டால் கடிதம் வழி தப்பாது. முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம் பக்கம். 4 என்றால் மராட்டியம், மத்தியப் பிரதேசம் பக்கம். ஊர்ப் பெயர் தெரியாத சார்ட்டரும் கட்டைச் சரியான பையில் போட்டுவிடுவார்.

எந்தக் குதிரை?

கட்டத்துக்குப் பெயர் கிடைத்துவிட்டது. ஆனாலும் தொல்லை தீரவில்லை. ஒருவரிடம் இரண்டு குதிரைகள். ஒன்று 'பி1' கட்டத்தில். மற்றது 'எஃப்3' கட்டத்தில். இரண்டுமே 'டி2' கட்டத்துக்குத் தாவ முடியும். கார்டில் 'குதிரை டி2' என்று மட்டும் எழுதினால் எந்தக் குதிரை?

எழுதியவருக்கு இதில் சந்தேகமே வராது. அவர் மனத்தில் ஒரு குதிரைதான் ஓடிக்கொண்டிருக்கும். மற்றது அவர் நினைவிலேயே இருக்காது. படிப்பவருக்கோ இரண்டும் தெரியும். ஆகவே புறப்பட்ட இடத்தையும் சேர்த்து, 'குதிரை பி1-லிருந்து டி2' என்று எழுதவேண்டும். நான்கு எழுத்து மிச்சம் பிடிக்கப் போய் நான்கு நாள் நஷ்டம் வரக்கூடாது அல்லவா?

தபால் ஆட்டத்தில் இன்னொரு கண்டிப்பும் உண்டு. எழுதி அனுப்பிய நகர்த்தல் ஆட்ட விதிப்படி செல்லுமானால், அதுவே முடிவு. 'பேனா தவறிவிட்டது, வேறு கட்டத்தைத்தான் நினைத்தேன்' என்று பிறகு சொல்லிப் பயன் இல்லை.

'எதை ஆடினாலும்' என்ற ஆபத்து

நாட்களை மிச்சப்படுத்தத் தபால் ஆட்டக்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 'நீங்கள் இதை ஆடினால் நான் இதை ஆடுகிறேன்' என்று அடுத்த பதிலையும் முன்கூட்டியே எழுதிவிடுவது. எதிராளி அதை ஆடினால் பதிலும் உடனே செல்லுபடியாகும். ஒரு போக்குவரத்துத் தபால் மிச்சம்.

இதில் மாட்டிக்கொண்ட ஒருவரைப் பற்றிச் சதுரங்கக்காரர்கள் ஒரு கதை சொல்வதுண்டு. வெள்ளைக்காரர் ராஜாவின் முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். கறுப்புக்காரர் பதிலுக்கு 'பி' வரிசைச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். அதோடு விடவில்லை. 'அடுத்து நீங்கள் எதை ஆடினாலும் என் மந்திரி பி7-க்குப் போகும்' என்றும் எழுதிவிட்டார்.

வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டே தம் மந்திரியை 'ஏ6' கட்டத்தில் கொண்டுபோய் வைத்தார். அது கறுப்பு மந்திரியின் வாய்க்கு நேரே இருக்கிற கட்டம். பலகை முன்னால் இருந்தால் குழந்தை கூட வெட்டிவிடும். ஆனால் எழுதிக் கொடுத்தாயிற்றே! கறுப்பு மந்திரி வெட்டாமல் 'பி7'-ல் போய் நிற்கவேண்டியதாயிற்று. வெள்ளை மந்திரி அதைச் சும்மா வெட்டியது. வெட்டிய இடத்திலிருந்து மூலையில் இருந்த யானைக்கும் குறி வைத்தது. யானை தப்ப வழியில்லை. மூன்றாவது நகர்த்தலிலேயே மந்திரி போயிற்று. யானையும் போனது போலத்தான்.

'எதை ஆடினாலும்' என்ற இரண்டே சொற்கள் செய்த வேலை இது. தெளிவில்லாமல் எழுதுவது ஒரு தவறு என்றால், அளவுக்கு மேல் வாக்குக் கொடுத்து எழுதுவது இன்னொரு தவறு.

உறைக்குள் ஒரு ராத்திரி

நேருக்கு நேர் ஆடும் பெரிய போட்டிகளிலும் எழுத்துக்கு ஒரு காலத்தில் பெரும் பொறுப்பு இருந்தது. நேரம் முடிந்தும் ஆட்டம் முடியாவிட்டால் மறுநாளைக்கு ஒத்திவைப்பார்கள். அப்படியே விட்டால், அடுத்து ஆடவேண்டியவருக்கு ராத்திரி முழுவதும் யோசிக்க வசதி கிடைத்துவிடும். அது நியாயம் இல்லை. ஆகவே அவர் தம் அடுத்த நகர்த்தலை எவரும் பார்க்காதபடி எழுதி, உறையில் போட்டு, ஒட்டி நடுவரிடம் கொடுத்துவிட வேண்டும். மறுநாள் நடுவர் உறையைப் பிரித்து அந்த நகர்த்தலை ஆடுவார்.

உறையில் இருப்பது இரண்டு பொருள் தந்தால்? அல்லது அது இன்னதென்று கண்டுபிடிக்க முடியாவிட்டால்? விதி தெளிவாக இருக்கிறது: எழுதியவர் தோற்றார்! பலகையில் அவர் ஜெயிக்கும் நிலையில் இருந்தாலும் அதே தீர்ப்புத்தான்.

1972-ல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் பாபி பிஷரும் போரிஸ் ஸ்பாஸ்கியும் மோதிய உலகப் போட்டியின் கடைசி ஆட்டம் இப்படித்தான் ஒத்திவைக்கப்பட்டது. ஸ்பாஸ்கி உறையில் எழுதிக் கொடுத்தார். மறுநாள் அவர் வரவில்லை. தோல்வியை ஒப்புக்கொள்வதாகத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். கம்ப்யூட்டர் பலம் பெற்ற பிறகு ஆட்டத்தை ஒத்திவைக்கும் வழக்கம் மெல்ல மறைந்துவிட்டது.

அன்னா, பெல்லா, சீசர்

எழுத்தில் தெளிவாக இருப்பது காதுக்குத் தெளிவாக இருக்கும் என்று சொல்லமுடியாது. தொலைபேசியில் பி, சி, டி, ஈ, ஜி ஆகிய எழுத்துக்களைச் சொல்லிப் பாருங்கள். இரைச்சலில் எல்லாம் ஒன்று போலவே கேட்கும். பார்வையற்ற ஆட்டக்காரர்கள் நகர்த்தலை வாய்விட்டுச் சொல்லி ஆடுகிறவர்கள். அவர்களுக்காக ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பெயரே வைத்துவிட்டார்கள்: அன்னா, பெல்லா, சீசர், டேவிட், ஈவா, ஃபெலிக்ஸ், குஸ்தாவ், ஹெக்டர். 'ஈவா நான்கு' என்றால் யாருக்கும் சந்தேகம் வராது.

தந்தியில் ஆடிய காலத்தில் மெய்யெழுத்தையும் உயிரெழுத்தையும் ஜோடி சேர்த்து, கட்டத்துக்கு இரண்டு எழுத்து வீதம் சங்கேதம் அமைத்துக்கொண்டார்கள். நான்கு எழுத்தில் ஒரு நகர்த்தல் முடிந்துவிடும். 1965-ல் கியூபாவின் ஹவானாவில் நடந்த போட்டிக்குப் போக பிஷருக்கு அமெரிக்க அரசு அனுமதி தரவில்லை. அவர் நியூயார்க்கில் ஒரு சங்கத்தில் உட்கார்ந்து, டெலிபிரிண்டர் மூலமே எல்லா ஆட்டங்களையும் ஆடினார். இரண்டாவது இடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

நாடு விட்டு நாடு ஆடும்போது மொழியும் குறுக்கே வரும். ஆங்கிலத்தில் 'ஆர்' என்ற எழுத்து மூலையில் நிற்கும் யானையைக் குறிக்கும். பிரெஞ்சில் அதே 'ஆர்' ராஜாவைக் குறிக்கும்! இதற்காகவே அகில உலகத் தபால் சதுரங்க சம்மேளனம் எழுத்துக்களை அறவே நீக்கி எண்களை மட்டும் கையாண்டது. ஏ, பி, சி வரிசைகளுக்கு 1, 2, 3 என்று எண். 'ஈ2-லிருந்து ஈ4' என்பது 5254. புறப்பட்ட கட்டம், சேர்ந்த கட்டம், தீர்ந்தது. காயின் பெயரே வேண்டியதில்லை.

இந்த எண்கள் வேறொரு சங்கடத்தையும் கொண்டுவரும். இரண்டாவது உலகப் போர்க் காலத்தில், சதுரங்கக் குறிப்புகள் ஒற்றர்களின் ரகசியச் செய்தியாக இருக்கலாம் என்று சந்தேகித்து, அமெரிக்கத் தணிக்கையாளர்கள் வெளிநாட்டுத் தபால் ஆட்டத்துக்கே தடை போட்டார்கள்!

எழுத்தே காய் ஆன ஆட்டம்

சதுரங்கத்தில் எழுத்து, காய்க்குத் துணை. எழுத்தே காயாக இருக்கும் ஆட்டமும் ஒன்று உண்டு. அதன் பெயர் 'டிப்ளமஸி'. ஆலன் கலமர் என்ற அமெரிக்கர் உருவாக்கி, 1959-ல் தம் செலவில் 500 பிரதிகள் வெளியிட்டது.

முதல் உலகப் போருக்கு முந்திய ஐரோப்பாவின் படம்தான் பலகை. ஏழு பேர் ஏழு வல்லரசுகள். பகடை இல்லை, முறை வைத்து ஆடுவதும் இல்லை. எல்லோரும் கூடிக் கூடிப் பேசுவார்கள். பிறகு ஒவ்வொருவரும் தம் படைகளுக்கான உத்தரவைத் தனியே சீட்டில் எழுதுவார்கள். எல்லாச் சீட்டுகளையும் ஒரே சமயத்தில் பிரித்துப் படிப்பார்கள். சீட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் நடக்கும்.

அங்கே 'நார்' என்று சுருக்கி எழுதினால் என்ன ஆகும்? படத்தில் நார்வே இருக்கிறது. நார்த் ஸீ இருக்கிறது. நார்வீஜியன் ஸீ இருக்கிறது. கப்பல் எங்கே போவது? விதி இதுதான்: எழுத்து மோசமாக இருந்தாலும் ஒரே பொருள்தான் வர முடியும் என்றால் உத்தரவு செல்லும். இரண்டு பொருள் வந்தால் செல்லாது. அந்தப் படை நின்ற இடத்திலேயே நிற்கும். ஸ்பெயினுக்கு வடகரையும் உண்டு, தென்கரையும் உண்டு. இரண்டுக்கும் போக வழியுள்ள கப்பலுக்கு எந்தக் கரை என்று எழுதவில்லையென்றால் அதுவும் நகராது.

துணைக்குப் போகிற படைக்கும் அப்படியே. மார்செய்ல்ஸிலிருந்து பர்கண்டிக்குப் போகும் படைக்குப் பாரிஸ் படை துணை நிற்கவேண்டும் என்றால், இந்த மூன்று ஊர்களும் சீட்டில் இருக்கவேண்டும். 'பாரிஸ், பர்கண்டிக்குத் துணை' என்று எழுதினால், பர்கண்டியில் ஏற்கெனவே நிற்கும் படைக்குத் துணை என்று பொருள் மாறிவிடும். ஒரு ஊரை விட்டதால், எதிரியின் படைக்கே துணை போனதாகவும் ஆகலாம்!

இந்த ஆட்டத்தையும் 1963 முதல் தபாலில் ஆடத் தொடங்கினார்கள். இதை உருவாக்கிய கலமர் பின்னாளில் பார்த்த வேலை என்ன தெரியுமா? தபால்காரர் வேலை! 2013-ல் காலமானார்.

ஊரில் இருப்பவரோடு ஆட

ஊரை விட்டு வந்து வேலை பார்ப்பவர்களுக்குத் தபால் சதுரங்கம் நல்ல துணை. பலகை இரண்டு வீட்டிலும் இருந்தால் போதும். ஊரில் இருக்கும் அண்ணனோ மைத்துனரோ பழைய பள்ளித் தோழரோ எதிராளி. தந்தி 2013-ல் நின்றுவிட்டது. தபால் கார்டு நிற்கவில்லை. கைபேசியில் செய்தி அனுப்பி ஆடுகிறவர்களுக்கும் கீழே சொல்லும் முறைகள் பொருந்தும்.

1. நகர்த்தலின் வரிசை எண்ணைத் தவறாமல் எழுதுங்கள். பன்னிரண்டாவதா பதின்மூன்றாவதா என்ற சண்டை வராது.

2. எதிராளி கடைசியாக அனுப்பியதை முதலில் திருப்பி எழுதுங்கள். அதன் கீழே உங்கள் பதில். அவர் எழுதியதைத் தவறாகப் படித்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

3. காயின் பெயர், புறப்பட்ட கட்டம், சேரும் கட்டம் மூன்றையும் எழுதுங்கள். ஒன்றைச் சுருக்கினால் மற்றது சந்தேகத்துக்கு இடம் தரும்.

4. காய்ப் பெயர்களை ஆட்டம் தொடங்கும் முன்பே ஒப்புக்கொள்ளுங்கள். எதிராளி வேறு மொழிக்காரர் என்றால் எண் முறையே மேல்.

5. கடிதம் கிடைத்த தேதி, பதில் போடும் தேதி இரண்டையும் குறியுங்கள். தாமதம் தபாலிலா, எதிராளியிடமா என்பது தெரியும்.

6. முன்கூட்டிப் பதில் எழுதுவதானால், 'இன்ன காயை இன்ன கட்டத்துக்கு ஆடினால் மட்டும்' என்று எல்லை கட்டி எழுதுங்கள்.

7. கார்டைப் பெட்டியில் போடும் முன், எழுதியதைப் பார்த்தே உங்கள் பலகையில் காயை நகர்த்துங்கள். நினைவைக் கொண்டு நகர்த்தாதீர்கள். கார்டு சொல்லும் கட்டத்தில் காய் போய் நின்றால் தபாலில் சேர்க்கலாம்.

இந்தக் கடைசி முறை எல்லாவற்றிலும் முக்கியம். எழுதியவர் தம் எழுத்தைத் தாமே படிக்கும்போது, மனத்தில் இருப்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்கிறார். அதனால் அவருக்குக் குறை தெரிவதில்லை. ஒன்றும் தெரியாத மூன்றாம் மனிதர் போல அதைப் படித்துப் பார்ப்பவருக்குத்தான் எந்தக் குதிரை, எந்தக் கரை என்ற கேள்வி எழும்.

மணியார்டர் பாரத்தில் பெயர் எழுதுகிறவருக்கும், ஸ்டோர்ஸுக்குச் சாமான் கேட்டுச் சீட்டு அனுப்புகிற குமாஸ்தாவுக்கும், அடுத்த ஷிப்டுக்குக் குறிப்பு எழுதிவைத்துப் போகும் தொழிலாளிக்கும் இது தெரிந்த சங்கதிதான். படிக்கப் போகிறவர் திரும்பக் கேட்க முடியாத தூரத்தில் இருக்கிறார். ஆட்டத்தில் இது தவறினால் போவது ஒரு குதிரை. ஆகவே செலவில்லாமல் பழகிக்கொள்ள ஆட்டமே நல்ல இடம்!